வாசகர் கேள்வி – பதில்: காத்திருப்பின் கணக்கு

கேள்வி: "இன்றே 500 ரூபாய் வேண்டுமா, சில நாள் பொறுத்து 1000 ரூபாய் வேண்டுமா?" என்ற வகைக் கேள்விகளைக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, மேஸர் சூத்திரப்படி ஒவ்வொருவரின் 'கே' மதிப்பையும் (காத்திருக்க வேண்டிய தொகையின் மதிப்பு மனத்தில் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று காட்டும் எண்) கண்டேன். அவற்றின் சராசரியோ எவருக்கும் பொருந்தாத எண்ணாக வருகிறது. பிழை எங்கே?
– உளவியல் ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: கூட்டல், வகுத்தலில் பிழை இராது; கே மதிப்புகளை அப்படியே சராசரி எடுத்ததுதான் சிக்கல். உளவியலாளர் ஜேம்ஸ் மேஸர் புறாக்களை வைத்துச் சோதித்து 1987இல் தந்த அந்தச் சூத்திரத்தின்படி, கே-யைக் காத்திருக்கும் நாள்களால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் தொகையை வகுத்தால் அதன் இன்றைய மதிப்பு கிடைக்கும். ஆகவே ஒன்றை கே-யால் வகுத்தால், அத்தொகை ஒருவர் மனத்தில் பாதியாகத் தேய எத்தனை நாள் ஆகும் என்பது தெரிந்துவிடும்.

பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு கே 0.01 என்றும், ஒருவருக்கு மட்டும் 1 என்றும் கொள்வோம். ஒன்பது பேருக்குத் தொகை பாதியாக 100 நாள் ஆகிறது. அந்த ஒருவருக்கு ஒரே நாள் போதும். நேர்ச் சராசரி 0.109, அதாவது சுமார் 9 நாள். அப்படிப்பட்டவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை! மடக்கை (log) எடுத்துச் சராசரி கண்டு, பின் திருப்பினால் ஏறத்தாழ 0.016, அதாவது 63 நாள் வரும். உளவியலாளர் கிர்பி தொகுத்த, பரவலாகப் பயன்படும் இதே வகையான 27 கேள்விகளே கே 0.00016 முதல் 0.25 வரை, ஆயிரம் மடங்குக்கும் மேலான வீச்சை அளப்பவை என்பதால், இத்துறையில் மடக்கை ஏறக்குறைய கட்டாயம்.

எப்போதும் காத்திருப்பையே தேர்ந்தவருக்கு கே சுழியாகிவிடும். சுழிக்கு மடக்கை இல்லை. அதனால் ஆளுக்கொரு கே கண்டு பிறகு ஒப்பிடுவதைவிட, எல்லோருடைய விடைகளையும் ஒரே பல்நிலை மாதிரியில் (தனி ஆளையும் குழுவையும் ஒருசேரக் கணிக்கும் புள்ளியியல் முறை, multilevel model) சேர்த்துக் கணிப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒருவரின் விடைகள் தரும் தகவல் குறையும் இடத்தில் குழுவின் போக்கு துணை நிற்கும். சூத்திரமே வேண்டாம் என்போர், தாமதத்தைக் கிடை அச்சிலும் தொகையின் மதிப்பை நிலை அச்சிலும் வைத்து வரையும் வளைகோட்டின் கீழ்ப் பரப்பை அளப்பார்கள். அதிலும் ஒரு குறை உண்டு: உங்கள் கடைசி இரு தாமதங்கள் ஆறு மாதமும் ஓராண்டும் என்றால், கிடை அச்சில் பாதியை அந்த ஓர் இடைவெளியே பிடித்துக்கொள்ளும்.

தாமதம் கூடக் கூட மதிப்பும் கூடுவதாகக் காட்டும் விடைத்தாள்களைத் தனியே குறித்துவையுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடாதீர்கள். அவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் வந்த இரு முடிவுகளையும் ஆய்வேட்டில் தாருங்கள்.