அம்மாவின் முழங்காலும் ரைடல் ஏரியும்

கேள்வி: மான்செஸ்டரில் வசிக்கிறோம். மே மாதம் மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார், இறக்கத்தில்தான் சிரமப்படுவார். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் ஏரியைப் பார்த்தபடியே நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிற எளிய பாதை ஒன்றைச் சொல்ல முடியுமா? முடிவில் ஒரு பப்பில் சாப்பிட ஆசை. ஆனால் அப்பா, "அது குடிக்கிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார்.

பதில்: ரைடல் வாட்டருக்குக் கூட்டிப் போங்கள். ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் என்ற ஊர்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஏரி. நீளம் சுமார் 1.2 கி.மீ., அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 5 கி.மீ. நல்ல கால் உள்ளவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். நீங்கள் உட்கார்ந்து எழுந்து போகப் போகிறீர்கள், இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதைவிட எளிய பாதையும் இருக்கிறது. டார்ன் ஹவ்ஸ் ஏரியைச் சுற்றிச் சக்கர நாற்காலியே போகிற அளவுக்கு நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். ஆனால் கரையில் பப் கிடையாது. பட்டர்மியர் அழகில் ஒரு படி மேல், கிராமத்தில் சாப்பிடவும் இடம் உண்டு. ஆனால் சுற்று 7 கி.மீ. ஏரியின் மறுமுனையில் நிற்கும்போது அம்மாவுக்கு வலி வந்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூரம்தான். வயதானவர்களைக் கூட்டிப் போகிறபோது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்த்தால் போதாது. எங்கே நிறுத்தலாம், எங்கிருந்து யாரைக் காரில் ஏற்றலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ரைடலுக்கு இணையாக அந்த வட்டாரத்தில் எனக்கு வேறொன்று தெரியவில்லை.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் முக்கியம். கோயிலை வலம் வருவதுபோல வையுங்கள், ஏரி எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கட்டும். இப்படிப் போனால் மட்டமான கரைப்பாதை முதலில் வரும், கல்லும் ஏற்றமும் உள்ள பாதை பிறகு வரும். நடுவில் ஒரு கார் நிறுத்தம் இருக்கிறது. அம்மா மேற்கொண்டு நடக்கலாமா, வேண்டாமா என்பதை அங்கே நின்று முடிவு செய்யலாம். மாறிச் சுற்றினால் கடினமான பகுதி முதலிலேயே வந்து, நல்ல கரைப்பாதையை ரசிக்கிற நேரத்தில் கால் சோர்ந்திருக்கும்.

புறப்படும் இடம் ரைடல் கிராமம். ஏ591 சாலையோரத்திலேயே பேட்ஜர் பார் என்ற பழைய பப் இருக்கிறது. அதை இப்போது அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு முடிவில்தான். பப்புக்கு எதிரே சாலையைக் கடந்தால் ரோத்தே ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். சாலை குறுகல், வண்டிகள் வேகமாக வரும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நம்மூரில் கை காட்டிக் கடப்பதுபோல இங்கே செய்யக் கூடாது. பாலம் தாண்டி ஒரு சிறு மரக்காடு. அதைக் கடந்து ஒரு கேட்டைத் திறந்தால் ஏரி மொத்தமாகக் கண் முன் விரியும்.

இங்கிருந்து கரையை ஒட்டியே பாதை போகிறது. சரளை, ஆங்காங்கே மர வேர், மழை பெய்திருந்தால் சேறு. உட்காரப் பாறையும் பெஞ்சும் கிடைக்கும். அவசரப்படாதீர்கள், இந்த நடையின் உயிரே இந்தப் பகுதிதான். காற்றில்லாத காலையில் எதிர்க்கரைக் குன்று அப்படியே தலைகீழாக நீரில் விழுந்திருக்கும். ஏரிக்குள் மரம் அடர்ந்த குட்டித் தீவுகள் உண்டு. அம்மாவுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு என்றால், இந்தக் கரையில் பாதி தூரம் போய், ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினாலும் அது முழுமையான நடைதான். சுற்றை முடிக்கவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

அப்பாவுக்கு உற்சாகம் இருந்தால், இடதுபுறம் மேலே ஏறிப் போகும் பாதையில் ரைடல் குகை இருக்கிறது. இயற்கையான குகை இல்லை. கூரைக்கான ஸ்லேட் கல் வெட்டி எடுத்த பழைய சுரங்கம். வாசலில் தண்ணீர் தேங்கி நிற்கும், அதில் சின்ன மீன்கள் திரியும், கற்களில் கால் வைத்து உள்ளே போகலாம். மேலிருந்து கல் விழலாம் என்ற எச்சரிக்கை உண்டு. அதனால் வாசலிலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. அந்த நேரம் அம்மா கீழே கரையில் உட்கார்ந்திருக்கட்டும், துணைக்கு ஒருவர் இருங்கள். மேலே போனவர்கள் இறங்கி வந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஏரி முடிகிற இடத்தில் பாதை கொஞ்சம் ஏறி, பிறகு வைட் மாஸ் காட்டுக்குள் இறங்கி, மறுபடி ரோத்தே ஆற்றை ஒரு நடைபாலத்தில் கடக்கும். மே மாதத்தில் இந்தப் பக்கக் காடுகளில் நீலமணிப் பூக்கள் தரையெல்லாம் விரித்ததுபோலப் பூத்திருக்கும். அதை எட்டிப் பார்க்கவென்று பாதையை விட்டு இறங்க வேண்டாம். மிதிபட்ட செடி தேற வருடக்கணக்காகும். பாலம் தாண்டினால் வைட் மாஸ் கார் நிறுத்தம்.

இங்கே நில்லுங்கள். அம்மாவிடம் "முடியுமா" என்று கேட்காதீர்கள். எந்த அம்மாவும் "முடியும்" என்றுதான் சொல்வார். பத்து நிமிடம் உட்கார வைத்து, எழுந்து நாலு எட்டு நடக்கும்போது கவனியுங்கள். காலைத் தாங்கித் தாங்கி வைத்தால் அதோடு நிறுத்துங்கள். நீங்கள் மட்டும் நடந்து போய் ரைடலில் நிற்கும் காரை எடுத்துவந்து ஏற்றிக்கொள்ளலாம். அம்மா தெம்பாக இருந்தால் வந்த கரை வழியே மெதுவாகத் திரும்புவதும் நல்லதே, அதே ஏரி எதிர்த்திசையில் வேறு மாதிரி தெரியும். தார்ச்சாலை ஓரமாகவே நடந்து ரைடல் போய்விடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

தெம்பு இருக்கிறது என்றால், சாலையைக் கடந்து எதிரே ஏறும் சந்தில் போங்கள். மேலே வருவது 'காஃபின் ரூட்', அதாவது பிணம் தூக்கிப் போன வழி. முற்காலத்தில் ரைடலிலும் ஆம்பிள்சைடிலும் இறந்தவர்களை அடக்கம் செய்ய கிராஸ்மியரின் செயின்ட் ஆஸ்வால்ட் தேவாலயத்துக்கு இந்த வழியாகத்தான் தோளில் சுமந்து போனார்கள். வழியில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கத் தட்டையான கல் ஒன்று கிடக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்டிருக்கும் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல்லை விளக்க வேண்டியிருக்காது. அப்பா அதன் முன் நின்று ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இந்தப் பாதை கல்லும் வேருமாக ஏறி இறங்கும், செங்குத்து கிடையாது. மரங்களுக்கு நடுவே வலதுபுறம் கீழே ஏரி தெரிந்துகொண்டே வரும். முடிவில் ரைடல் மவுண்ட், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1813 முதல் 1850-ல் இறக்கும்வரை குடியிருந்த வீடு. வாடகை வீடுதான். காலி செய்ய வேண்டி வருமோ என்ற கவலையில் 1826-ல் அருகிலேயே ஒரு நிலத்தை வாங்கிப் போட்டார். மகள் டோராவுக்குக் கொடுத்தார். டோரா 1847-ல் இறந்துபோக, அந்த நிலத்தில் அவள் நினைவாக டாஃபடில் பூச்செடி நட்டார்கள். டோராவின் நிலம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. மே மாதத்தில் அந்தப் பூக்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். மார்ச் கடைசி, ஏப்ரலில்தான் காலம். அந்த நிலத்தின் வழியாக இறங்கினால் படிகள் உண்டு, அதனால் அம்மாவுக்கு வேண்டாம். தார் போட்ட சந்து வழியே இறங்குங்கள். அதுவும் சரிவுதான். முழங்கால் வலிக்காரர்களை வருத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான், ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் பாரம் மூட்டில் இறங்கும். இரண்டு கைக்கும் இரண்டு நடைக்கம்புகள் வாங்கிக் கொடுங்கள், நீளத்தை இறக்கத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். குறுக்காக, சின்னச் சின்ன எட்டாக இறங்கச் சொல்லுங்கள். பாதி வழியில் ரைடல் ஹால் என்ற மாளிகையும் தேநீர்க் கடையும் உண்டு. மூச்சு வாங்க நல்ல இடம்.

இனி பப். அப்பாவின் தயக்கம் நியாயமானது, அவர் மனதில் இருப்பது நம்மூர் மதுக்கடையின் படம். பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம், ஊருக்குப் பொதுவான வீடு. கிராமத்துப் பப்பில் மதியம் போனால் பேரப்பிள்ளைகளோடு பாட்டிகள், காலடியில் நாய், கையில் செய்தித்தாளோடு தனியே உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்றுதான் பார்ப்பீர்கள். டீயும் காபியும் கிடைக்கும். யாரும் குடிக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். வார்த்தையில் விளக்குவதைவிட வாசலில் நின்று எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவே போதும்.

பல பப்களில் மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். நாம்தான் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, காசும் அங்கேயே கொடுக்க வேண்டும். வரிசை என்று தெரிகிற மாதிரி இருக்காது. ஆனால் யார் முதலில் வந்தார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். சமையலறை நேரத்தை முதல் நாளே போன் செய்து கேட்டு, மேசையும் சொல்லி வையுங்கள். நான் ஒருமுறை பசியோடு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கு ஒரு கிராமத்துப் பப்புக்குப் போய், சமையல் முடிந்துவிட்டது என்று கேட்டு, சிப்ஸ் பாக்கெட்டோடு திரும்பியிருக்கிறேன். அன்று அவர்கள் முகம் வாடியதைப் பார்த்ததிலிருந்து போன் செய்யாமல் போவதில்லை.

அம்மா சைவம் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸை மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கிறார்களா? கிரேவி இறைச்சிச் சாறில் செய்ததா? வூஸ்டர்ஷயர் சாஸ் சேர்த்திருக்கிறார்களா? அதில் நெத்திலி வகை மீன் உண்டு. "வீகன்" என்று குறியிட்டிருந்தால் பால்கூட இருக்காது, பயமில்லாமல் வாங்கலாம். ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பதே நல்லது. இங்கிலாந்தில் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 80 மி.கி. ஆல்கஹால். ஆனால் ஒரு பைன்ட் என்பது 568 மி.லி., யாருக்கு எவ்வளவு ஏறும் என்று மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. அந்தச் சாலைகள் வேறு வளைந்து வளைந்து போகும்.

போய்ச் சேர, காரில் எம்6 நெடுஞ்சாலையின் 36-ம் சந்திப்பில் இறங்கி ஏ590 வழியே ஏ591 பிடித்தால் போதும். பெல்டர் பிரிட்ஜ் பக்கம் சிறிய கார் நிறுத்தம் உண்டு, சனி ஞாயிறுகளில் காலையிலேயே நிரம்பிவிடும். நானாக இருந்தால் ரயிலில் ஆக்ஸன்ஹோம் வழியே விண்டர்மியர் போய், நிலையத்து வாசலிலேயே கிளம்பும் 555 பஸ்ஸில் ஏறுவேன். மாடி பஸ் என்றால் பெற்றோரை மேல்தளத்து முன் இருக்கையில் உட்கார வைப்பேன். ரைடல் தேவாலயத்தருகே இறங்கலாம். ஆனால் பஸ்ஸில் போனால் வைட் மாஸில் காரைக் கொண்டுவந்து ஏற்றும் வழி இருக்காது. அன்றைக்கு அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

உடை விஷயத்தில் மே மாதம் என்று நம்பாதீர்கள். இங்கிலாந்திலேயே மழை அதிகம் பெய்கிற வட்டாரம் இது. புடவைதான் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால், கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை போடட்டும். சுடிதார் என்றால் இன்னும் வசதி. செருப்பு கூடவே கூடாது. பழகிய, அடியில் பிடிப்புள்ள ஷூ வேண்டும். அதை மான்செஸ்டரிலேயே பத்து நாள் போட்டு நடந்து பழகட்டும். வழியில் கேட்டுகளைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள், ஆடு மேய்கிற இடம். கறுப்பாகத் திரிகிற குட்டிகளும் சாம்பல் நிறத் தாய்களும் ஹெர்ட்விக் என்ற ஒரே இனம்தான்; குட்டி வளர வளர நிறம் வெளுக்கும். புதரையும் பெரணியையும் உரசி நடந்திருந்தால், இரவு குளிக்கும்போது கால் முட்டிக்குப் பின்புறத்தில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். சில நாளிலோ சில வாரத்திலோ வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.