கூரை தெரியும், அடுப்பு தெரியாது

கேள்வி: செயற்கைக்கோள் படமும் செல்போன் தரவும் இருந்தால் எங்கே வறுமை என்று கணினியே சொல்லிவிடுமாமே. பிறகு வீடு வீடாகக் கணக்கெடுப்பு எதற்கு?
– ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பீர்மேட்டில் எஸ்டேட்டுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். கொழுந்து கிள்ளாமல், கவாத்து செய்யாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்துவிடும். மேலிருந்து எடுத்த படத்தில் அது செழிப்பாகத்தான் தெரியும். கீழே சம்பளமும் கிராஜுவிட்டியும் வராமல் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பச்சையில் தெரியமாட்டார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயமும் அப்படித்தான். மேலே நீளமாக ஒரே கூரை. உள்ளே வரிசையாகக் குடும்பங்கள், தனித்தனி அடுப்பு.

இந்த முறையே வீண் என்று நான் சொல்லவில்லை. 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் பகல் படங்களையும் இரவு வெளிச்சத்தையும் சேர்த்து வறுமையைக் கணித்துக் காட்டினார்கள். கொரோனா காலத்தில் டோகோ நாடு படங்களை வைத்து மிக ஏழ்மையான 100 வட்டாரங்களைத் தேர்ந்து, அங்கே போன் பயன்பாட்டை வைத்து ஆட்களைக் கண்டு பணம் அனுப்பியது. கையில் நல்ல பட்டியல் இல்லாத நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் போனே இல்லாத கிழவி அந்தக் கணக்கில் வரமாட்டாள்.

இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டு கணினிக்கு ஏழை வீடு எது என்று கற்றுக்கொடுத்ததே, ஆட்கள் வாசலில் நின்று கேட்டு எழுதிய சர்வேதான். அப்படிப்பட்ட சர்வேக்களில் பல, குடும்பங்களின் அடையாளம் தெரியக் கூடாதென்று கிராமப்புற இடக்குறிகளை 5 கிலோமீட்டர் வரை நகர்த்தித்தான் வெளியிடுகின்றன. சமவெளியில் பரவாயில்லை. மூணாறில் 5 கிலோமீட்டர் நகர்த்தினால் லயத்துக் குறி ரிசார்ட் வாசலில் போய் விழும்.

கேரளம் 2021இல் தொடங்கிய அதிதரித்திரர், அதாவது மிக மிக ஏழைகள் கணக்கெடுப்பு வார்டு வார்டாக நடந்துதான் 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டது. பட்டியலில் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சண்டை போட முடிகிறதே, அதுதான் எனக்கு முக்கியம். பெயர் இல்லையென்றால் கிராமசபையில் எழுந்து ஏன் என்று கேட்கலாம். கணினி ஒரு மலைச்சரிவுக்குப் போட்ட மதிப்பெண்ணை யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் பக்கம் கணக்கெடுக்க வருபவரைச் சாலையோரம் நின்று எழுதிக்கொண்டு போக விடாதீர்கள். லயத்தின் கடைசிக் கதவு வரை கூட்டிப்போங்கள். ஒவ்வொரு அடுப்பையும் தனிக் குடும்பமாக எழுதவையுங்கள்.