இஃப், விஷ், வுட் ராதர்: நாளைய காரியத்துக்கு எதற்கு இறந்தகாலம்?

இந்த ஆங்கில இலக்கணச் சந்தேகத்தைக் கேட்டவர் யாங்கூன்காரர், பர்மிய வழியில் படித்தவர் என்பதால் நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ‘ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ’ என்பதில், நாளைக்கு வரச் சொல்லும்போது ‘கம்’ ஏன் ‘கேம்’ ஆகிறது என்பதுதானே குழப்பம்?

டியூஷனில் இஃப் வாக்கியங்களுக்கு ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு கண்டிஷனல் என்று நாலு வாய்ப்பாட்டை உருப்போட வைப்பார்கள். பரீட்சைத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். பேச வாயைத் திறந்தால் கைவிட்டுவிடும். ஓரமாக வையுங்கள்.

தமிழையே பாருங்கள். ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்கிறோம். பெய்த், அதோடு ஆல். நாளைய மழைக்கு இறந்தகால அடி! வந்தால், போனால், சொன்னால் எல்லாம் அதே கதைதான். நாம் யாரும் அதில் குழம்பியதில்லை. தமிழ் எல்லா ‘ஆல்’களுக்கும் இதைச் செய்கிறது. ஆங்கிலமோ நடக்கக்கூடியதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நிஜத்துக்கு மாறானதற்கும் வெறும் கற்பனைக்கும் மட்டும் வினையை ஒரு படி பின்னால் தள்ளுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மழை உண்மையிலேயே வரலாம் என்றால் ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் ஸ்டே ஹோம்’. இங்கே நம் பிள்ளைகள் ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்று எழுதிவிடுவார்கள். பர்மிய மொழியில் ‘மோ யுவாமெ சொயின்’ என்று, வரப்போவதைக் காட்டும் ‘மெ’யை உள்ளே வைத்தே சொல்லலாம் இல்லையா, அந்தப் பழக்கம். ஆங்கிலத்தில் இஃப் பக்கம் ‘வில்’ வந்தால் பெரும்பாலும் அது சம்மதத்தைக் குறிக்கும்: ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’, கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் என்று மரியாதையாகக் கேட்பது.

கையில் காசில்லாதவர் ‘இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பை எ கார்’ என்பார். ஹேட் என்றாலும் பேச்சு இன்றைய நிலையைப் பற்றியதுதான். முடிந்துபோன சங்கதி என்றால் இன்னும் ஒரு படி பின்னால்: ‘இஃப் ஷி ஹேட் ஸ்டடீட், ஷி வுட் ஹேவ் பாஸ்ட்’. நாமும் ‘படித்தால்’ என்பதை ‘படித்திருந்தால்’ என்று நீட்டுகிறோமே, அதேதான். இரண்டையும் கலக்கலாம். இன்செயின் என்ற பகுதிக்குப் போக யாங்கூன் வட்ட ரயிலைத் தவறவிட்டவர் சொல்வது: ‘இஃப் ஐ ஹேட் காட் தி ட்ரெய்ன், ஐ வுட் பி இன் இன்செயின் நவ்’. இதற்கு நாலு வாய்ப்பாட்டில் இடமே கிடையாது!

விஷ்ஷுக்குத் தனி விதி வேண்டாம். ‘ஐ விஷ் ஐ வேர் இன் சிங்கப்பூர்’ என்றால் இப்போது அங்கே இல்லை. ‘ஐ விஷ் ஐ ஹேட் கான்’ என்றால் அன்றைக்குப் போகவில்லை. அடுத்தவர் மேல் எரிச்சல் என்றால் ‘ஐ விஷ் ஹி வுட் ஸ்டாப் ஷவுட்டிங்’. நடக்க வாய்ப்பிருப்பதற்கு விஷ் வேண்டாம், ‘ஐ ஹோப் யூ பாஸ்’ போதும்.

இனி உங்கள் ‘வுட் ராதர்’. எனக்கு நானே விரும்பினால் வெறும் வினை: ‘ஐ வுட் ராதர் வாக் தேன் டேக் தி பஸ்’. அடுத்தவர் செய்ய வேண்டும் என்றால் அது என் கையில் இல்லை, என் மனசில் மட்டும் இருப்பது. அதனால் வினை பின்னால் போய் ‘கேம்’ ஆகிறது. ‘இட்ஸ் டைம் வீ லெஃப்ட்’ என்பதும் இந்த வகைதான், இன்னும் கிளம்பவில்லை. ‘ப்ரிஃபர்’ இதில் சேராது. ‘ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி’ என்பதில் ‘டு’வுக்குப் பதில் ‘தேன்’ போடாமல் இருந்தால் சரி.

கேட்கும்போது காதில் விழுகிற ‘ஐட்’ ஒன்றுதான் தொல்லை; ‘ஐ வுட்’, ‘ஐ ஹேட்’ இரண்டும் சுருங்கினால் அதுதான். ‘ஐட் கோ’ என்றால் வுட், ‘ஐட் கான்’ என்றால் ஹேட். கம், ரன், புட் மூன்றுக்கும் வுட், ஹேட் இரண்டின் பின்னாலும் ஒரே உருவம். அங்கே வாக்கியத்தின் மறுபாதியைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.