கொடுக்காத பாஸ்

அன்புள்ள அக்கா,

காவேரிப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். பதினோராவது படிக்கும் என் மகள் பள்ளி பாஸ்கெட்பால் டீமில் ஆடுகிறாள். உங்கள் நாவலை முதலில் படித்தது அவள்தான். கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தைக் கட்டில்மேல் வீசிவிட்டு, ‘இதெல்லாம் ஒரு முடிவா?’ என்று கத்தினாள். அதனால்தான் நானும் எடுத்துப் படித்தேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஆடுகிறவர்கள் பவித்ராவும் கஸ்தூரியும். கஸ்தூரிக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கிறது, பவித்ராவுக்குக் கிடைக்கவில்லை. கஸ்தூரி அதைச் சொல்லாமல் மறைக்க, வேறொருத்தி மூலம் பவித்ராவுக்குத் தெரிந்துவிடுகிறது. ஓசூர் டோர்னமென்ட் ஃபைனலில் ஒரு பாயின்ட் பின்தங்கி இருக்கும்போது, ரிங்குக்குக் கீழே நிற்கும் கஸ்தூரிக்குப் பவித்ரா பந்தைக் கொடுக்கவில்லை. தானே ஷூட் பண்ணுகிறாள், மிஸ் ஆகிறது, தோற்கிறார்கள். அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கஸ்தூரி விடுதிக்குப் போய்விடுகிறாள்.

ஏன் அக்கா? கடைசியில் ஒருமுறை கட்டிப்பிடித்து அழ விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் இது. நம் பிள்ளைகளின் நட்பை இப்படியா காட்டுவது? எல்லாவற்றையும் பார்த்த பி.டி. மிஸ்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. நம் பக்கம் கபடி, வாலிபால் எல்லாம் இருக்கும்போது பாஸ்கெட்பால் எதற்கு என்றும் தோன்றியது. என் மகளும் இப்போது தன் தோழியோடு பேசுவதில்லை. காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

இன்னொன்று. சொந்தமாக ஒரு பந்து வேண்டும் என்கிறாள். எதை வாங்குவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

பாஸ்கெட்பால் எதற்கு என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதற்கெல்லாம் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர், குளிரில் வெளியே ஆட முடியாத தன் 18 மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினார். ரிங் இன்றும் அதே பத்தடியில்தான் இருக்கிறது. அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுகிற டிரிபிள் (dribble) எல்லாம் பிற்பாடு வந்தது. கபடியில் ரெய்டு போகிறவள் தனியாகத்தான் போகிறாள். வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவே முடியாது. பாஸ்கெட்பாலில் மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தோழியின் முகத்தையும் பார்த்துக்கொண்டு, கொடுக்காமல் இருக்கலாம். அந்த ஓரிரு வினாடிக்காகத்தான் இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் பி.டி. மாஸ்டர்களாகப் போனார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். காலையில் பிரேயர் நடக்கும் சிமென்ட் தரையே சாயங்காலம் கோர்ட்டாகிற பள்ளிகளில் பிள்ளைகள் நெட் இல்லாத ரிங்கில் போட்டுப் பழகுகிறார்கள். நாவலில் வரும் பள்ளியும் அப்படிப்பட்டதுதான்.

அந்த ஃபைனலுக்கு வருகிறேன். ரிங்குக்குக் கீழே கோடு போட்ட கட்டம் இருக்கிறது இல்லையா, பந்து வைத்திருக்கும் டீமின் ஆள் அதற்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கஸ்தூரி எதிராளியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். குரல் கொடுக்கவில்லை. ஓசூர்ப் பிள்ளைகள்தான் தெலுங்கிலும் கன்னடத்திலும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் குரல் தேவைப்பட்டதே இல்லை. அந்தக் கை எங்கே எழும் என்று பவித்ராவுக்குப் பார்க்காமலே தெரியும். இந்த முறை பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கஸ்தூரி கையை இறக்கி, கட்டத்தை விட்டுக் காலை வெளியே எடுத்து வைக்கிறாள். அதற்குப் பிறகுதான் பவித்ரா ஷூட் பண்ணுகிறாள்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் என்ன இருக்கும்? யார் எத்தனை பாயின்ட், யாருக்கு எத்தனை ஃபவுல், எப்போது டைம் அவுட். கொடுக்காத பாஸுக்கு அதில் இடமே கிடையாது. நடுவர் விசில் ஊதவில்லை. பார்த்தவர்களும் ‘பாவம், கடைசி ஷாட் போச்சு’ என்றுதான் சொன்னார்கள். விடுதிச் செய்தியைக் கஸ்தூரி மறைத்ததும் அப்படித்தான். தோழி மனசு கஷ்டப்படுமே என்றுதான் மறைத்தாள், அதைக் குற்றம் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அடித்திருந்தால், திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்கலாம். ‘ஏன்டி பாஸ் தரல?’ என்று கஸ்தூரி கேட்டால், ‘நீ நின்னத நான் பாக்கலடி’ என்று பவித்ரா ஒரே பொய்யில் முடித்துவிட முடியும். அந்தப் பொய்யைக் கேட்க வேண்டி வருமோ என்று கஸ்தூரிக்குப் பயம். சொல்லிவிடுவோமோ என்று பவித்ராவுக்குப் பயம். அந்த மௌனத்தில் ஒருத்திமேல் ஒருத்திக்கு இருந்த பிரியம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று நம்பித்தான் அதைக் கலைக்காமல் விட்டேன். நீங்கள் கேட்ட அழுகை நமக்கு, பெரியவர்களுக்கு, ஆறுதலாக இருந்திருக்கும்.

நெல்லிக்கனி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே ஔவை அதியமானின் வாசலில் கோபித்துக்கொண்டு நின்ற பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது, 206-ஆம் பாட்டு. பரிசில் தாமதமாகிறது. அவர் மூட்டையைக் கட்டிவிடுகிறார். எந்தத் திசையில் போனாலும் எனக்குச் சோறு கிடைக்கும் என்கிறார். அதற்கு முன் வாயில் காப்பவனிடம் ஒன்று கேட்கிறார்: உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா? பரிசிலைவிட அந்தக் கேள்விதான் அவரை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பவித்ராவையும் அதுதான் வாட்டியது. நான் பொறாமைப்படுவேன் என்றா இவள் நினைத்தாள், என்னைத் தெரியாதா இவளுக்கு? பொறாமையும் பட்டாள். அது தனக்கே தெரிந்தபோதுதான் தாங்க முடியாமல் போனது.

அவளுக்குச் செய்தி தெரிந்தது மே மாதம். மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன், அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட். அன்று ராத்திரி அந்த வீட்டில் ஒரு ஆள் விழித்திருந்தால் ஃபைனலில் அந்த பாஸ் போயிருக்கலாம். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மூன்று மாதச் சம்பளத்தில்தான் பவித்ராவின் ஷூவும் வந்தது.

பி.டி. மிஸ் பேசவில்லைதான். ஆனால் தோற்ற மறுநாள் காலை பிராக்டிஸில் சோடி பிரிக்கும்போது, வழக்கம்போல அந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். செஸ்ட் பாஸ், பவுன்ஸ் பாஸ், மறுபடி செஸ்ட் பாஸ். நடந்தது தெரியாதவர்போல விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டு வைத்து விசாரித்திருந்தால் பவித்ரா அன்றைக்கே டீமை விட்டுப் போயிருப்பாள். என் நாவலில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அந்த மிஸ்தான்.

உங்கள் மகள் விஷயத்துக்கும் இதைத்தான் சொல்வேன். தோழியின் அம்மாவுக்கு போன் போடாதீர்கள். என்ன சண்டை என்று தினமும் கேட்காதீர்கள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். பிராக்டிஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பதினோராம் வகுப்பு வந்துவிட்டது, படிப்பைப் பார் என்று பல வீடுகளில் முதலில் நிறுத்துவது அதைத்தான். இப்போதைக்கு அவர்கள் இருவரும் பேச்சில்லாமலே ஒன்றாக இருக்க முடிகிற இடம் அந்த கோர்ட் ஒன்றுதான்.

பந்து விஷயம். கடைக்காரர் ஏழாம் நம்பரை எடுத்து நீட்டுவார், அது ஆண்களுக்கானது. ஆறாம் நம்பர் என்று கேட்டு வாங்குங்கள், பெண்கள் ஆட்டத்துக்கு அதுதான் அளவு. சிமென்ட் தரை என்றால் ரப்பர் பந்தே போதும். லெதர் பந்து உள்ளரங்கத் தரைக்கு உரியது, சிமென்ட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். காற்று அடிக்கிற ஊசியையும் கூடவே வாங்கிவிடுங்கள். தலை உயரத்திலிருந்து விட்டால் பந்து இடுப்புக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும், அவ்வளவு காற்று இருந்தால் சரி.

அன்புடன்,
அக்கா