‘கிளீவ்’: பிளப்பதா, பற்றிக்கொள்வதா?

‘கிளீவ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதி ‘பிள’ என்றும் சொல்கிறது, ‘ஒட்டிக்கொள்’ என்றும் சொல்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். அகராதியில் பிழை இல்லை.

இந்தச் சொல்லால் நான் ஒருமுறை பெரிய தவறு செய்திருக்கிறேன். ஒரு வாழ்க்கை வரலாற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வழக்கில் தோற்றுச் சொத்தெல்லாம் போன பிறகு அந்த அம்மையார் ‘கிளீவ்ட் டு ஹெர் ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்று ஒரு வரி. இறைச்சி வெட்டும் கத்திக்குக் ‘கிளீவர்’ என்று பெயர் என்பது மட்டுமே என் நினைவில் இருந்தது. ‘பழைய நண்பர்களின் உறவை வெட்டிக்கொண்டார்’ என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: ‘அப்படியானால் அடுத்த பக்கத்தில் அதே நண்பர்கள் இவர் வீட்டில் எப்படித் தங்கியிருக்கிறார்கள்?’ நண்பர்களைக் கடைசிவரை விடாமல் பற்றியிருந்த ஒரு பெண்ணை நன்றி மறந்தவராக ஆக்கியிருந்தேன். அந்தப் பென்சில் எழுத்து இல்லையென்றால் அப்படியே அச்சேறியிருக்கும்.

நான் கவனிக்காமல் விட்டது அந்தச் சின்னச் சொல் ‘டு’. ‘கிளீவ்’ நேராக ஒரு பொருளைச் செயப்படுபொருளாக எடுத்தால் பிளத்தல். ‘டு’ அல்லது பழைய நடையில் ‘அன்டு’ சேர்ந்து வந்தால் பற்றுதல். நம் மொழிக்கும் இந்த வித்தை தெரியும். ‘அவன் உயிரை விட்டான்’ என்றால் இறந்துவிட்டான். ‘அவள்மேல் உயிரை விடுகிறான்’ என்றால் அவ்வளவு அன்பு. ஒரு ‘மேல்’ வந்து சாவைப் பாசமாக்கிவிடுகிறது.

உண்மையில் இது ஒரே சொல்லின் இரண்டு பொருள் அல்ல. இரண்டு தனித்தனிச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்குக் ‘கிளேயோவன்’, ஒட்டுவதற்குக் ‘கிளிவியன்’. இடைக்காலத்தில் உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. வேர்கள் மட்டும் இன்றும் வேறு வேறு. செதுக்குதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் முதலாவதற்கு உறவு. எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் வடிவத்துக்கு நாம் சொல்லும் ‘கிளிஃப்’ அங்கிருந்து வந்தது. களிமண்ணைக் குறிக்கும் ‘கிளே’, பசையைக் குறிக்கும் ‘குளூ’ ஆகியவை இரண்டாவதற்குச் சொந்தம். பிசுபிசுப்பு அந்தக் குடும்பத்துக்கே உரியது.

1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இரண்டையும் அருகருகே பார்க்கலாம். அதன் முதல் நூலான ஆதியாகமத்திலேயே ஆபிரகாம் தகனபலிக்காக விறகு பிளப்பதற்கும், சீகேம் என்பவனின் மனம் தீனாள் என்ற பெண்மேல் பற்றுதலாவதற்கும் ஒரே இறந்தகால வடிவம்: ‘கிளேவ்’. தமிழ் பைபிளில் அந்தக் குழப்பமே இல்லை. கணவன் மனைவியை ‘கிளீவ்’ செய்யும் இடத்தில் ‘இசைந்திருப்பான்’ என்றும், மாமியாரை ரூத் ‘கிளேவ்’ செய்யும் இடத்தில் ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’ என்றும் வருகிறது. ‘ஒட்டிக்கொள்’ என்று அகராதி தருவதைவிட இந்த இரண்டும் எவ்வளவு துல்லியம்! ‘கிளீவ் டு’ வெறும் ஒட்டுதல் அல்ல. உதறிப் போக வாய்ப்பிருந்தும் போகாமல் நிற்பது. கொள்கை, நம்பிக்கை, உறவு ஆகியவற்றுக்கே இது பெரும்பாலும் பொருந்தும்.

பிளத்தலுக்கும் ஒரு நுட்பம் உண்டு. கண்டபடி உடைப்பதற்கு இந்தச் சொல் வராது. விறகை அதன் நார் ஓடும் திசையில், கல்லை அதன் இயல்பான தளத்தில் பிளப்பதே இது. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஸ்செர் பிளந்தார். முதலில் மேற்பரப்பில் ஒரு சிறு பள்ளம் கீறி, அதில் எஃகுத் தகட்டை நிறுத்தி, மேலே ஓர் அடி. திசை தவறினால் கல் வீணாகிவிடும். அந்தச் செயலுக்குச் சரியான வினை ‘கிளீவ்’. நொதி ஒன்று புரதத்தைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுவதற்கும் அறிவியல் கட்டுரைகளில் இதுவே வரும்.

இறந்தகால வடிவங்கள்தான் தொல்லை. பற்றுதலுக்கு இன்று ‘கிளீவ்ட்’ மட்டும் போதும். பிளத்தலுக்குக் ‘கிளீவ்ட்’, ‘கிளெஃப்ட்’, ‘குளோவ்’ மூன்றும் உண்டு. எச்சமாகக் ‘குளோவன்’ என்பதும் வரும். எழுதும்போது ‘கிளீவ்ட்’ என்று போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் உறைந்துபோன தொடர்களை மாற்றக்கூடாது. உதட்டுப் பிளவுக்குக் ‘கிளெஃப்ட்’, மாட்டின் பிளவுபட்ட குளம்புக்குக் ‘குளோவன்’. இடம் மாற்றினால் காதுக்கு ஒவ்வாது.

பேச்சில் இரண்டையுமே தவிர்த்துவிடுங்கள். அங்கே ‘ஸ்பிளிட்’, ‘ஸ்டிக்’ போன்றவையே இயல்பு. படிக்கும்போது இந்தச் சொல் எதிர்ப்பட்டால் முதலில் வலப்பக்கம் ‘டு’ இருக்கிறதா என்று பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன்.