இரவில் நம்பர் பிளேட் வெள்ளையாகத் தெரிகிறதா? முதலில் ஷட்டரைப் பாருங்கள்

கேள்வி: வண்டி எண்ணைப் படித்துத் தானாகக் கேட் திறக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். 3 மீட்டர் கம்பத்தில் 4 மெகாபிக்சல் கேமரா, 2.8 மி.மீ. லென்ஸ். பகலில் ஓரளவு படிக்கிறது. இரவில் பிளேட் இருக்கும் இடம் வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது. 8 மெகாபிக்சல் கேமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அதிலும் பிளேட் வெள்ளையாகத்தான் விழும்.

பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாள், ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும் வகை. கேமராவின் ஐ.ஆர். விளக்கு (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தருவது) லென்ஸை ஒட்டியே இருப்பதால் அத்தனை ஒளியும் நேராக லென்ஸுக்குள் வருகிறது. கேமராவோ ஆட்டோவில் இருக்கிறது. சுற்றிலும் இருட்டு என்று ஷட்டரை 1/25 நொடிவரை திறந்து வைக்கிறது. பிளேட் வெளுத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஷட்டரை ஆட்டோவிலிருந்து எடுத்து 1/1000 நொடியில் நிறுத்துங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 1/25 நொடியில் 33 செ.மீ. நகர்ந்துவிடும், எழுத்தெல்லாம் ஒன்றாக இழுபடும். 1/1000 நொடியில் நகர்வது 8 மி.மீ. மட்டுமே. கேட்டருகே ஊர்ந்து வரும் வண்டிக்கு 1/500 போதும். படத்தை மின்னணு முறையில் வெளிச்சமாக்கும் கெயினைக் குறைத்து வையுங்கள். வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்தும் டபிள்யூ.டி.ஆர். வசதியை அணைத்துவிடுங்கள்: அது வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை ஒட்டுவதால், ஓடும் வண்டியின் எழுத்து இரட்டையாக விழலாம். இன்னும் வெளுத்தால் ஐ.ஆர். ஒளியைப் படிப்படியாகக் குறையுங்கள். படம் முழுக்கக் கறுத்து, பிளேட் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அமைப்பு சரி என்று பொருள். வண்டியின் நிறமும் ஓட்டுநரும் தெரிய வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கேமராதான் வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றிடம் கேட்கக் கூடாது.

அடுத்தது லென்ஸ். பகலிலும் 'ஓரளவு'தான் படிப்பதற்கு இதுவே காரணம். 2.8 மி.மீ. லென்ஸ் 6 மீட்டர் தொலைவில் சுமார் 14 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அரை மீட்டர் பிளேட்டுக்குக் கிடைப்பது 90 பிக்சல். குறைந்தது 130 வேண்டும். 200 இருந்தால் நிம்மதி. ஜூமை மாற்றிக்கொள்ளக்கூடிய வேரிஃபோக்கல் லென்ஸ் போட்டு, ஒரு தடம் மட்டும், அதாவது 3.5 மீட்டர் அகலம், தெரியும்படி இழுத்தால் இதே 4 மெகாபிக்சலில் 360 பிக்சல் கிடைக்கும். ஃபோக்கஸை இரவில் ஐ.ஆர். எரியும்போது செய்யுங்கள். பகலில் கூர்மையாக வைத்தது ஐ.ஆரில் சற்று மங்குவது வழக்கம், ஐ.ஆர். திருத்தம் உள்ள லென்ஸில் இந்தத் தொல்லை குறைவு.

கோணத்தையும் பாருங்கள். மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் எழுத்துகள் நசுங்கும். 3 மீட்டர் கம்பத்திலிருந்து, தரையில் இருந்து அரை மீட்டர் உயரத்திலுள்ள பிளேட்டைப் படிக்க, வண்டி நான்கரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் கேமராவை ஒன்றரை மீட்டருக்கு இறக்குங்கள். ஹெட்லைட் நேராக அடிக்குமே என்ற பயம் வேண்டாம், 1/1000 ஷட்டரில் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுவது 0–ஓ, 8–பி குழப்பம். மென்பொருளில் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்ற வடிவத்தைக் கொடுத்து, ஒரே வண்டியின் பல ஃபிரேம்களில் அதிகம் வந்த விடையை எடுக்கச் சொல்லுங்கள். பட்டியலோடு ஒப்பிடும்போது ஓரெழுத்துப் பிழையை மன்னிக்கும் வசதியை மட்டும் கேட் திறப்புக்கு வைக்காதீர்கள். அடுத்தடுத்த எண் கொண்ட வேறொரு வண்டிக்கும் கேட் திறந்துவிடும்.