கனடா உறைவிடப் பள்ளிகள்: திருச்சபைகள் கேட்ட மன்னிப்பும் வைத்த பாக்கியும்

1880களில் தொடங்கி 1990கள் வரை, கனடாவின் முதற்குடிச் சிறார்கள் ஏறக்குறைய 1,50,000 பேர் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். பணம் கொடுத்தது அரசு. பெரும்பாலான பள்ளிகளை நடத்தியவை திருச்சபைகள். இதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: சட்டம் போட்டுப் பிள்ளைகளைப் பிடித்துச் சென்றது அரசுதானே ஐயா? திருச்சபை மேல் ஏன் பழி?

1920இல் வருகையைக் கட்டாயமாக்கியது அரசுதான். ஆனால் 1892இலேயே தலைக்கு இவ்வளவு என்று பணம் தரும் முறை வந்துவிட்டது. பிள்ளை குறைந்தால் வருமானம் குறையும். அதனால் சபைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஆள் சேர்த்தன. காசநோய் கண்ட பிள்ளையைக்கூடச் சேர்த்துக்கொண்டார்கள். நெரிசலான படுக்கைக்கூடத்தில் நோய் பரவியது. 1907இலேயே மருத்துவர் பீட்டர் பிரைஸ் இதை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆசிரியர், விடுதிக் கண்காணிப்பாளர் என ஆட்களைப் பொறுக்கி வைத்ததும் சபைகள்தான். போர்ட் அல்பர்னி பள்ளி விடுதிக் கண்காணிப்பாளர் ஒருவர் செய்த பாலியல் கொடுமை வழக்கில், 2005இல் கனடா உச்ச நீதிமன்றம் பொறுப்பை அரசுக்கு 75 விழுக்காடு, பள்ளியை நடத்திய ஐக்கிய திருச்சபைக்கு 25 விழுக்காடு என்று பிரித்தது. பங்கு குறைவு என்று வாதாடலாம். பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: எந்தச் சபை எப்போது மன்னிப்பு கேட்டது?

முதலில் ஐக்கிய திருச்சபை, 1986இல், சட்பரியில். அந்த மன்னிப்பு மதத்தையும் பண்பாட்டையும் திணித்ததற்காக. உறைவிடப் பள்ளிகளுக்கென்று தனியாகக் கேட்டது 1998இல்தான். சட்பரியில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. முதற்குடி மூத்தோர் அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொண்டார்கள், ஏற்கவில்லை. நினைவாக எழுப்பிய கற்குவியல் முடிக்கப்படாமலே விடப்பட்டது. சொல்லுக்கு ஏற்ற செயல் வந்தால் மேலே கல் அடுக்கலாம் என்பது அதன் பொருள். இந்த விஷயத்தில் நான் பார்த்தவற்றுள் இதைவிட நேர்மையான நினைவுச்சின்னம் இல்லை.

1991இல் அமலமரித் தியாகிகள் சபை. யாழ்ப்பாணத்தில் நாம் அறிந்த அதே சபைதான்; கனடாவில் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. 1993இல் ஆங்கிலிக்கன், 1994இல் பிரஸ்பிடேரியன். கத்தோலிக்க ஆயர்கள் கூட்டாகக் கேட்டது 2021 செப்டம்பரில்.

கேள்வி: 2022இல் பாப்பரசரே வந்து மன்னிப்பு கேட்டாரே. இன்னும் என்ன குறை?

மன்னிப்பைப் படிக்கும்போது எழுவாய் யார் என்று பாருங்கள். ஜூலை 25 அன்று மாஸ்குவாச்சீஸ் என்ற முதற்குடி ஊரில் பிரான்சிஸ் கேட்டது, "பல கிறிஸ்தவர்கள்" செய்த தீமைக்காக. திருச்சபை என்ற நிறுவனம் செய்தது என்று வரவில்லை. இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய மரே சின்க்ளேர் சுட்டிக்காட்டியதும் இந்த ஓட்டையைத்தான்.

2015இல் அந்த ஆணையம் வைத்த 94 கோரிக்கைகளில் 58ஆவது தெளிவானது: ஓராண்டுக்குள், கனடா மண்ணில், ஆன்மிக, பண்பாட்டு, மன, உடல், பாலியல் கொடுமைகளில் திருச்சபையின் பங்குக்காகப் பாப்பரசர் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏழு ஆண்டு கழித்து வந்தது. மாஸ்குவாச்சீசில் பாலியல் கொடுமை என்ற சொல்லே இல்லை. மூன்று நாள் கழித்து கியூபெக்கில்தான் அதைக் குறிப்பிட்டார். ஆனாலும் அன்று அங்கே அழுத முதியவர்கள் பலருக்கு அது பெரிய நாள். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை.

கேள்வி: கத்தோலிக்கர் தர ஒப்புக்கொண்ட பணம் என்ன ஆனது?

பள்ளியில் இருந்தவர்களுக்கு இழப்பீடு தர 2006இல் செய்த உடன்படிக்கையில் சுமார் 50 கத்தோலிக்க அமைப்புகள் மூன்று வகையில் தர ஒப்புக்கொண்டன. ரொக்கமாக 29 மில்லியன் டாலர், சேவையாக 25 மில்லியன், மக்களிடம் திரட்டி 25 மில்லியன். மூன்றாவதில்தான் சிக்கல். அந்தத் தொகையைத் திரட்ட "இயன்றவரை முயல்வோம்" என்றுதான் எழுதியிருந்தார்கள், "தருவோம்" என்றல்ல. வசூல் 4 மில்லியனைக்கூட எட்டவில்லை. ரொக்கத்தில் இருந்த பாக்கி பற்றிய பேச்சுவார்த்தையிலேயே, இந்த வசூல் உட்பட மொத்தப் பொறுப்பும் தீர்ந்துவிட்டது என்று 2015இல் சஸ்காச்சுவான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் கண்டனம் வலுத்த பிறகு, ஐந்தாண்டில் 30 மில்லியன் திரட்டுவதாக ஆயர்கள் புதிதாக உறுதி சொன்னார்கள்.

இப்படித் தப்ப முடிந்ததற்குக் காரணம் உண்டு. சட்டத்தின் கண்ணில் "கனடா கத்தோலிக்கத் திருச்சபை" என்று ஒரே அமைப்பு கிடையாது. ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு துறவற சபையும் சட்டப்படி தனித்தனி அமைப்பு. ஒன்றின் கடனுக்கு மற்றொன்று பொறுப்பாகாது.

கேள்வி: மன்னிப்பு கேட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று வக்கீல்கள் தடுப்பார்களாமே?

முன்பு அந்தப் பயம் உண்மை. 2006இல் பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2009இல் ஒன்டாரியோவும் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தன. மன்னிப்பைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக உரிமையியல் வழக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. இன்று அந்தச் சாக்கு செல்லாது.

கேள்வி: கம்லூப்ஸ் உறைவிடப் பள்ளியில் ஒரு எலும்பும் தோண்டியெடுக்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்கிறார்களே அண்ணா?

அங்கே தேடியது நிலத்தை ஊடுருவும் ரேடார் கொண்டு. அது எலும்பைக் காட்டாது. மண் கலைக்கப்பட்ட இடத்தையும் அதன் வடிவத்தையும் காட்டும். மரவேர், பழைய குழாய்ப் பள்ளம்கூட அப்படித் தெரியலாம். எனவே 2021இல் அறிவித்த சுமார் 200 இடங்களையும் "புதைகுழியாக இருக்கக்கூடியவை" என்றே சொல்ல வேண்டும். "உடல்கள் கிடைத்தன" என்று எழுதிய செய்தித்தாள்கள் தவறு செய்தன. அதுவே மறுப்பாளர்களுக்கு வசதியாகப் போனது. தோண்டுவதா வேண்டாமா என்பது அந்த ஊர் முதற்குடிச் சமூகத்தின் முடிவு.

பிள்ளைகள் இறந்ததற்கு ஆதாரம் ரேடார் அல்ல, ஏடுகள். வின்னிபெக்கில் உள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய மையம் 4,100க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெயரோடு பதிந்திருக்கிறது. ஆணையம் கண்ட இறப்புப் பதிவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் பெயர் இல்லை. பாதியில் காரணம் இல்லை. உடலை ஊருக்கு அனுப்பும் செலவை அரசுத் துறை ஏற்க மறுத்ததால் பல பிள்ளைகள் பள்ளிக்கு அருகிலேயே புதைக்கப்பட்டார்கள்.

கேள்வி: நாங்கள் டொராண்டோவில் தமிழ்க் கத்தோலிக்கர். பங்கு மக்களாக என்ன கேட்கலாம்?

காசோடு ஏட்டையும் கேளுங்கள். மறைமாவட்டத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் தேசிய மையத்துக்கும் அந்தந்தச் சமூகத்துக்கும் தரப்பட்டனவா? பள்ளியில் இருந்த துறவியர் எழுதிய நாளேடு எங்கே? பலவும் பிரெஞ்சில் இருப்பதால், மொழிபெயர்க்க யார் செலவு செய்கிறார்கள்? புகார் வந்த குருவை அடுத்து எங்கே மாற்றினார்கள் என்ற பணியாளர் கோப்பு திறக்கப்பட்டதா? கடைசிக் கேள்விக்குத்தான் "தனியுரிமை" என்ற பதில் வரும். இறந்து பல்லாண்டான பணியாளருக்கும் அது பொருந்துமா என்று திரும்பக் கேளுங்கள்.

தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏட்டில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைக்குத் திருச்சபை வைத்த பெயர், அல்லது பள்ளி கொடுத்த எண். தாய் வைத்த பெயரில் தேடினால் அகப்படாது. பெற்றோரின் முதற்குடிக் குழுமம், சேர்ந்த ஆண்டு, ஞானஸ்நானம் பெற்ற பங்கு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

கேள்வி: இழப்பீட்டு விசாரணையில் சொன்ன வாக்குமூலங்கள் எங்கே இருக்கின்றன?

இது அவசரம். தனி மதிப்பீட்டு விசாரணைகளில் 38,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மூடிய அறையில், ரகசியம் காக்கப்படும் என்ற வாக்குறுதியின் மேல் பேசினார்கள். அந்த வாக்குறுதியை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பேசியவரே கேட்டுக்கொண்டால் ஒழிய, 2027 செப்டம்பர் 19 அன்று அந்தக் கோப்புகள் அழிக்கப்படும். தம் கோப்பின் பிரதியைத் தாமே பெறலாம். பிறர் பெயரை மறைத்துத் தேசிய மையத்தில் சேர்க்கவும் சொல்லலாம். அழியட்டும் என்று விடுவதும் அவர் உரிமை. உங்களுக்குத் தெரிந்த மூத்தவர் யாராவது இருந்தால் தேதியை மட்டும் சொல்லிவிடுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும்.